நுகம்

முதலில் உதிர்ந்தது தோல்.
தோல் என்பது விளம்பரத்தில்தான் இருந்தது.
ஹெட்போனைக் கழட்டும்போதெல்லாம்
கறுப்புப் பொடுகாய்க் காதோரம் ஒட்டி
வேர்த்த கன்னத்தில் மை பூசிவிட்டுப் போகும்.
கொக்குவில் சந்தியில் சர்பத்துக் கடைப் பெடியன் கேட்டான்:
"அக்காவுக்கு அச்சகத்திலயோ வேலை?"

நாலரை லட்சம்.
முப்பது மாதச் சீட்டில்
ஐந்தாம் ஆளாய்க் கழித்து எடுத்த காசு.
பெட்டிக்குள் ஒரு குழந்தையைக் கிடத்தலாம்,
அவ்வளவு மெத்தை.
கையால் பொருத்தப்பட்டது என்று ஓர் அட்டை,
யாருடைய கை என்று
வாசிக்க முடியாத கையெழுத்து.

சத்தத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும்.
தவில்காரர் விரல்கூடு மாட்டமுன்னம்
ஒருதரம் மூக்கை உறிஞ்சியது கேட்டது.
தாலி ஏறும் நேரம்
பெண்ணின் கையில் காப்பு ஐந்தா ஆறா என்று
கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன்.

இருபத்தைந்தாம் மாதம்
இடக்காதைத் தாங்கும் கவர் வெடித்தது.
கீழே விழவில்லை.
மேசையில் வைத்தேன், வெடித்தது.
உத்தரவாதம் இருபத்துநாலு மாதம்.
சீட்டுக்கு இன்னும் ஐந்து தரம் காசு கட்டவேணும்.

கொழும்பு முகவர் சிங்கப்பூரைக் கேட்கச் சொன்னார்.
சிங்கப்பூர் படம் கேட்டது.
அளவுகோல் வைத்து ஏழு படம் அனுப்பினேன்.
மரியாதையான பதில் வந்தது:
'ஈரப்பதம் கூடிய சூழலில் பாவிக்கப்பட்டுள்ளது.'
ஓம்.
உப்புக் காற்று வீசுகிற ஊரில்
ஒரு மனிசி தலையில் போட்டுப் பாவித்தாள்.
வேறு எங்கே போடுவது?

உறுப்புப் படத்தில் அந்தத் துண்டின் பெயரைத் தேடி
அகராதியில் பார்த்தேன். நுகம்.
அரைக் கிலோ தாங்காத நுகம்.
மக்னீசியம் என்று எழுதியிருந்தார்கள்.
வெடிப்புக்குள் நகத்தை விட்டுப் பார்த்தால்
வெள்ளிப் பூச்சுக்குக் கீழே
யோகட் கப் பிளாஸ்டிக்.

கஸ்தூரியார் வீதியில் யூட் ரெக்சன்,
போன் கண்ணாடி மாற்றுகிறவன்,
லென்ஸ் வைத்துப் பார்த்தான்.
விலை கேட்டான். சொன்னேன்.
லென்சைக் கழட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.
அவன் காதில் தொங்கிய மஞ்சள் வயர்
அறுநூறு ரூபா,
இரண்டுதரம் தேத்தண்ணிக்குள் விழுந்தது,
இப்பவும் பாடுது.
"பசை பிடிக்காது" என்றான்.
அடுத்த நாள் குருநகரிலிருந்து தங்கூசி கொண்டுவந்து
ஊசியைச் சூடாக்கித் துளை போட்டு
வலை முடிச்சுப் போட்டு இறுக்கினான்.
காசு வேண்டாம் என்றவன்
நான் படியிறங்கியபின் கூப்பிட்டு
"முந்நூறு தாங்கோ" என்றான்.

அது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

போன ஆவணி, வெடிப்புத் தெரியமுன்னம்,
இணுவிலில் ஒரு கலியாணம்.
மணவறைக் காட்சி முழுக்க எங்கேயோ ஒரு கிறீச்.
மூன்று இரவு தேடினேன்.
வடிகட்டி வடிகட்டிக்
கெட்டிமேளத்தில் அரைவாசியைத் தின்றுவிட்டேன்.
பிறகு கமராக்காரன் சுபோதரனுக்குப் போன் எடுத்து
"உன்ரை முக்காலி கத்துது,
ஒரு கலியாணத்தையே கெடுத்திட்டாய்" என்று ஏசினேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கடன்பட்டுப் புது முக்காலி வாங்கினான்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு கரண்ட் போனது.
திரை இருண்டது, பாட்டு நின்றது.
டோர்ச் எங்கே என்று தலையைத் திருப்பினேன்.

கிறீச்.

நேற்றும் வந்திருந்தான் சுபோதரன்,
சீமந்த வீடியோ ஒன்றோடு.
"புது முக்காலி, சத்தமே இல்லை, என்ன அக்கா?"
ஹெட்போனைக் கழட்டாமலே
ஓமென்று தலையாட்டினேன்.

கேட்டது.
எனக்கு மட்டும்.